முதுகில் கண் உள்ள ஆட்டக்காரன்

வெள்ளிக்கிழமை, இரவு.

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணனோடு இன்று வீடியோ கேமில் கால்பந்து ஆடினேன். நான் தட்டிவிட்ட பந்தை, முதுகு காட்டி நின்ற தடுப்பாட்டக்காரன் காலை நீட்டி மறித்துவிட்டான்.

"பாக்காமலே எப்படிண்ணே தடுக்குறான்?"

"கேம்லதான் அப்படி. நெசத்துல கண்ணு வேணும்," என்றார் அண்ணன். முத்துப்பேட்டை அணியில் தடுப்பாட்டம் ஆடியவர்.

சோதித்துப் பார்க்கக் கொல்லைக்குப் போனோம். அண்ணன் எனக்கு முதுகு காட்டி நின்றார்; பின்னாலிருந்து வரும் பந்து கடைக்கண்ணில் பட்டதும் காலை நீட்ட வேண்டும். அவருக்கு இடப்பக்கம் நான் உதைத்த பந்துகளையெல்லாம் நிறுத்தினார். வலப்பக்கம் போனவற்றுக்கு அசையவே இல்லை. விளையாட்டு காட்டுகிறார் என்று நினைத்து மறுபடியும் உதைத்தேன்.

"வலது கண்ணு தெரியலியாண்ணே?"

"உம்மாகிட்ட சொல்லிடாதே."

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். அங்கே அவருக்கு லாரி ஓட்டும் வேலை.

உம்மா இன்னும் தூங்கவில்லை. போய்ச் சொல்லிவிடப் போகிறேன்.