சுழல் படிக்கட்டில் ஒப்புக்கொண்டது

10.2.1979, சனிக்கிழமை

இன்று என் மனைவி பாக்கியத்துடன் சீகிரியா பாறைக்கோட்டைக்குப் போய் வந்தேன். உச்சியிலுள்ள அரண்மனையைவிட, பாதி வழியில் பாறையில் தீட்டியிருக்கும் பெண்களைப் பார்க்கத்தான் அவளுக்கு ஆசை. எனக்கோ போகவே மனமில்லை. கல்யாணத்துக்கு முன்பே அந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் அன்று ஓவியங்களுக்கு ஏறும் இரும்புச் சுழல் படிக்கட்டைக் கண்டு பயந்து, கீழேயிருந்தே திரும்பிவிட்டேன். அவளுக்குச் சொன்னதெல்லாம், எத்தனை பெண்கள் என்ற கணக்கு உட்பட, நூலகப் புத்தகத்தில் படித்தது.

இன்றும் ஏழாவது படியில் கால் நகர மறுத்தது. பின்னால் ஒரு பஸ் நிறைய வந்த சனம். வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன்.

"பாக்கியம், நான் அப்ப மேல ஏறவே இல்ல."

"அது எனக்கு முப்பது வருசமாத் தெரியுங்க."

"எப்படி?"

"படத்தப் பத்திக் கேட்டா, நாப்பத்திரண்டாம் பக்கம்னு சொன்னீங்களே! நேர்ல பார்த்த மனுசன் பக்கம் சொல்லுவாரா? ஏறுங்க, ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

ஒரு பெண்ணின் கையை ஓவியன் முதலில் வேறு விதமாக வரைந்து, பிறகு திருத்தியிருக்கிறான். பழைய கோடு இன்னும் தெரிகிறது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்கியதும், "மொத்தம் எத்தனை பொம்பளைங்க?" என்று கேட்டாள். எண்ண மறந்துவிட்டேன் என்றேன்.

"அப்ப இன்னைக்கு நெசமாவே பார்த்திருக்கீங்க!"

வழியிலுள்ள பலாபத்வல ஊர் வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள். நானும்தான்.