சந்திரன் பிந்தவில்லை

இன்று காலை முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். விடாத மழையில் வாவி நிறைந்து வவுணதீவு வயல்களுக்குள் ஏறத் தொடங்கியதால், மணல் மேட்டை அறுத்துத் தண்ணீரைக் கடலுக்கு விட்டிருக்கிறார்கள். பின்னேரம் என் வீட்டுப் பின்புறம் நீர் வற்றி, சேறும் பாசியும் மணக்கத் தொடங்கிவிட்டது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். நான் போய் மறுபடி திறந்தேன். இந்த மணத்துக்குள் நீ நிற்கிறாய், மச்சான். என் அண்டத்தை உடைத்த அன்று நின்ற மாதிரியே, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு நிற்கிறாய்.

நான் அரசாங்க வேலையில் வாய்க்கால்களுக்குப் படம் கீறி ஓய்வு பெற்றவன். நீ கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வாப்பா மௌத்தானதும் காத்தான்குடியில் அவருடைய புடவைக் கடையில் குந்திவிட்டவன். பல்கலைக்கழகத்தில் நாம் ஒரே அறையில் கிடந்த காலத்திலிருந்து என் தலைக்குள் ஓடிய யோசனையை, ஓய்வு பெற்ற பிறகுதான் எழுதி முடித்தேன். பொருள் இருக்கும் இடத்தில் காலம் மெதுவாக ஓடுகிறது. அந்த மெதுவுக்குத்தான் திணிவு என்று பெயர். மெதுவான பக்கத்துக்கு எல்லாம் சரிகிறதே, அதுதான் ஈர்ப்பு. அண்டம் விரிகிறது என்கிறார்கள். விரியவில்லை, முழுக் காலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டேன் என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பேராசிரியர்களுக்கு அனுப்பினேன், பதில் இல்லை. சொந்தக்காரர்கள் "பெரிய விசயம்தான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துப் போனார்கள். "பென்சன் எடுத்த ஆம்பிளையளுக்கு இப்பிடி ஏதாவது ஒண்டு பிடிக்கிறதுதான்" என்றாள் என் மனைவி. நீ மட்டும்தான் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் துணிக்கட்டுகளுக்கு நடுவே வைத்து முழுவதையும் வாசித்தாய்.

"வாசிச்சன்" என்றாய். "நல்லாரிக்கி எண்டு சொல்ல ஏலாது. ஒண்டு கேக்கிறன். என்ன நடந்தா நீ சொல்றது பிழை?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வரவில்லை. காலம் பிந்துவது உண்மையென்றால் கடலை ஏறி இறங்க வைக்கும் சந்திரனின் இழுப்பும் பிந்த வேண்டும், பிந்தாவிட்டால் நான் சொன்னது பிழை. அந்த முடிவோடு வீட்டடியில் ஒரு தடியை நட்டேன். சந்திரன் உச்சிக்கு வந்து எவ்வளவு நேரம் கழித்து வாவி நீர் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். மாதத்துக்கு மாதம் அது பிந்தியது. இதைச் சபையில் சொல்ல நூலக மண்டபத்தைக் கேட்டு வாங்கி, அழைப்பிதழும் அடித்துவிட்டேன்.

அழைப்பிதழ் கிடைத்த அன்று நீ மோட்டார் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்றாய். "ஏறு" என்றாய். எங்கே என்று கேட்டதற்கு, "ஏறுகா, சொல்றன்" என்றாய். நேரே முகத்துவாரத்தில் கொண்டுபோய்த்தான் நிறுத்தினாய்.

முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடந்தது. "போன மாரியில இதால போட் போன. இப்ப பார்" என்று சாரத்தை மடித்துக்கொண்டு குறுக்கே நடந்தாய். தண்ணீர் உன் முழங்காலைத் தொடவில்லை. "வாசல் ஒடுங்க ஒடுங்கக் கடல்தண்ணி உள்ளுக்கு வரச் சுணங்கும். உன்ட வீட்டடிக்கு இன்னும் சுணங்கும். சந்திரன் பிந்தல்ல, மச்சான்."

வாவியின் உள்கரையில் பிறந்து வளர்ந்தவன் மட்டுமே விடக்கூடிய பிழை அது. எங்களுக்கு வயலில் வெள்ளம் ஏறினால்தான் முகத்துவாரம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். வாழ்நாள் முழுக்க வாய்க்கால் கீறியவனுக்கு வாசல் தெரியாமல் போய்விட்டது. நான் மணலில் இருந்துவிட்டேன். நீயும் பக்கத்தில் இருந்தாய்.

"சபையில நீ இதச் சொல்லி, ஒரு மீன்காரன் எழும்பிக் கேட்டா என்ன செய்வாய்? அதான் கூட்டி வந்தன். மறுகா என்ன, மத்ததெல்லாம் இரிக்கிதானே. வீட்ட கிறுகிப் போய் எழுது."

கூட்டத்தை நிறுத்தியதும் நீதான். எல்லாருக்கும் போன் எடுத்து, எனக்குக் கடும் காய்ச்சல் என்று சொன்னாய். என்னைப் புகழ்ந்தவர்கள் யாரும் என் எழுத்தை வாசிக்கவில்லை. வாசித்தவன் நீ ஒருவன். நீ அதை உடைத்ததற்கு நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது, உனக்குப் பேசவே மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "திணிவப் பத்தி எழுதினியே, அத நான் உடைச்சுப் பார்த்தன். ஏலாமப் போயிட்டு. சும்மா சொல்றன் எண்டு நினைக்காத" என்றாய். உன் ஜனாசா அடக்கத்துக்கு வந்து திரும்பிய பிறகும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன். மற்றதெல்லாம் போனாலும், நீ உடைக்க முடியாத ஒரு பகுதி என்னிடம் இருக்கிறது என்று நம்பினேன்.

போன கிழமை அதுவும் உடைந்தது. மெதுவான காலம்தான் திணிவு என்றால், ஒரு கல்லை மலைக்கு மேலே கொண்டுபோனால் அங்கே காலம் சற்று விரைவு, ஆகவே கல்லின் திணிவு குறைய வேண்டும். எங்கே குறைகிறது? நிறை, அதாவது பாரம்தான் துளி குறையும், கல்லில் உள்ள பொருளின் அளவான திணிவு அப்படியே இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். கணிதம் படித்த நீ இதைக் காணாமல் விட்டிருக்க வழியே இல்லை.

கோபம் வரும் என்று பார்த்தேன். அழுகைதான் வந்தது. பேச மூச்சு இல்லாத நேரத்தில், இருந்த கொஞ்ச மூச்சை எனக்கு ஒரு பொய் சொல்லச் செலவழித்திருக்கிறாய்.

அந்தப் பகுதியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன், மச்சான். வேறு விதமாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும், என்ன நடந்தால் இது பிழை என்று உன் குரலில் நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் வராத பக்கத்தைக் கிழித்துப் போடுகிறேன். நீ சொன்ன அந்தப் பொய்யை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.