பொட்டாசியம் அப்பா

அன்புள்ள அக்கா,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். உலோகங்களின் வினைத்திறன் வரிசை எனக்கு மறக்காமலிருக்க, வீட்டில் யாருக்கு முதலில் கோபம் வரும் என்று வரிசைப்படுத்தி நீ எழுதித் தந்த தாள் அப்பாவிடம் சிக்கிவிட்டது. பொட்டாசியம் அப்பா, சோடியம் சித்தப்பா, இரும்பு அம்மா, தங்கம் நான்.

"தண்ணி பட்டாலே வெடிக்குமாமே, அது நானாடி?" என்று சிரித்தார். வரிசையை ஒப்பிக்கச் சொன்னார். துத்தநாகத்தை விட்டுவிட்டு இரும்புக்குப் போனேன். அம்மாவுக்கு அறை விழுந்தது. மறுபடி சொன்னேன். ஈயத்தில் திக்கினேன். அம்மாவுக்கு இன்னொன்று.

"இது யார் கையெழுத்து?"

உன்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

"சனிக்கிழமை ஹாஸ்டலுக்குப் போய் இழுத்துட்டு வரேன். அவ படிச்சு கிழிச்சது போதும்."

அதற்குள் வேறெங்காவது போய்விடு, அக்கா. எங்கே என்று எனக்கு எழுதாதே. அப்பா கேட்டால் நான் சொல்லிவிடுவேன்.

உன் தங்கை