வடக்குப் பக்கத்துக் கண்ணாடி அறை

மே 27

இன்றும் அர்ச்சனா மதியச் சாப்பாட்டைத் தன் அறையிலேயே சாப்பிட்டாள். ஜன்னலுக்கு இரண்டு திரை, உள்திரை கறுப்பு. தட்டை எடுக்கப் போனேன். போன் வெளிச்சத்தில் மூக்கும் கன்னமும் மட்டும் தெரிந்தன.

லூபஸ் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகப்போகிறது. வெயில் பட்டால் உடம்பு தன்னைத்தானே எதிர்க்கத் தொடங்கிவிடும் என்றார். கன்னத்தில் சிவப்பு, மூட்டில் வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டாள். ஏம்பலத்தில் வெயில் படாமல் இருப்பது என்றால் இருட்டில் இருப்பது. இருபத்தொரு வயதுப் பெண்.

“ம்மா, நான் இன்னா காளானா?” என்று போன வாரம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

மே 30

ஆபீசில் ஒரு பிளான் வந்தது. பிரான்சிலிருந்து திரும்பி வந்த வயதான தம்பதி மூலக்குளத்தில் வீடு வாங்கியிருக்கிறார்கள். பின்பக்கம் கண்ணாடி அறை வேண்டுமாம், அங்கே இருந்ததுபோல. எஞ்சினியர் சார் சிரித்தார். “ஆதிலட்சுமி, இவங்க மே மாசத்த இன்னும் பாக்கல போல!”

பதினான்கு வருடமாக மற்றவர்கள் வீட்டை வரைகிறேன். இன்று கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வெயில் வேறு, வெளிச்சம் வேறு. அவளுக்கு ஆகாதது ஒன்று. நான் மூடி வைத்திருப்பது இரண்டையும்.

ஜூன் 3

வரைந்துவிட்டேன். சமையலறைக்கு வடக்கே, பழைய கொட்டகை இருந்த இடம். பன்னிரண்டுக்குப் பத்து.

தெற்கு வெயில் வீட்டைத் தாண்டி அங்கே வராது. ஆனால் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் ஊரில் உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாயும். அதற்கு மூன்றடி சன்ஷேடு. கிழக்கேயும் மேற்கேயும் முழுச்சுவர், ஒரு துளைகூடக் கூடாது. கூரை கான்கிரீட், மேலே வெள்ளை ஓடு. கூரையில் கண்ணாடி வைத்தால் அறை அடுப்பாகிவிடும். தரையை ஒட்டி ஒரு வரிசைத் திறப்பு, கூரையை ஒட்டி ஒரு வரிசை. சூடு ஏறி வெளியே போக வேண்டும்.

புயலுக்கு: பெரிய கண்ணாடியே வேண்டாம். இரண்டடிக்கு மூன்றடிச் சட்டங்கள். சட்டத்தைச் செங்கல்லில் அல்ல, கான்கிரீட் தூணில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வெளியே இழுத்து மூட இரும்பு ஷட்டர். தரைமட்டம், ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஓர் அடி மேலே. அந்தக் கறை ஹால் சுவரில் இன்னும் இருக்கிறது, அளக்க வசதியாகப் போயிற்று.

கண்ணாடி லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். உடைந்தாலும் விரிசலோடு சட்டத்திலேயே நிற்கும், உதிராது. ஆனால் எனக்கு வேண்டியது வேறு. நேர் வெயில் இல்லாவிட்டாலும் வானத்து வெளிச்சத்தோடு வரும் புற ஊதாக் கதிரை அந்தத் தாள்தான் தடுக்கும். அவள் தோலுக்கு விஷம் அதுதான். மற்ற கண்ணாடிகள் அதை உள்ளே விட்டுவிடும். வரைபடத்தில் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

ஜூன் 8

நாத்தனார் செங்கமலம் மடுகரையிலிருந்து வந்திருந்தார். ஒரு வரன் வந்திருக்கிறதாம். பையன் டிராக்டர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான்.

கண்ணாடி அறை பற்றி என் வீட்டுக்காரர் அவரிடம் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தார்.

“கட்டு லட்சுமி, யாரு வேணான்னா? ஆனா எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்லுவ? பொண்ணுக்கு வெயில் ஆவாது, தெனம் மாத்திர முழுங்குதுன்னா? அப்பறம் எவன் இந்த வூட்டுப் படி ஏறுவான்?”

“மறைச்சுக் கட்டிக் குடுக்கறதா அண்ணி?”

“மறைக்கச் சொன்னனா? கல்யாணத்துக்கு அப்பறம் பக்குவமா சொல்லிக்கலாம். கேக்கறவங்ககிட்ட, செடி வைக்கன்னு சொல்லு. ஒனக்குத்தான் செடின்னா உசுராச்சே.”

இவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நானும் மோர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். படித்தவள். எதிர்த்துப் பேசத் தெரிந்தவள்தான்.

ஜூன் 14

வில்லியனூரில் ஹபீப் முகமது கடை. அலுமினியம், கண்ணாடி வேலை. ஆபீஸ் வேலைகள் பலவற்றுக்கு அவரைத்தான் அனுப்புகிறோம். பாய் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்மூர்ல வெயிலுக்குப் பஞ்சமா தங்கச்சி? வெயில் காயறதுக்குன்னு ரூம் கட்றவங்கள இப்பத்தான் பாக்கறேன்.”

“செடி வைக்க, பாய்.”

“செடிக்கா? அப்ப ஏசியும் போட்டுடுங்க, பாவம், வேர்க்கும்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் மடுகரைக்காரர். அண்ணி வீட்டுத் தெருவில் பார்த்திருக்கிறேன். நானும் சிரித்தேன்.

லேமினேட்டட்தான் வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். புயலுக்கு என்றேன். பொய் இல்லை. பாதி உண்மை.

ஜூன் 29

ஆடி பிறப்பதற்குள் கடைக்கால் போட்டாயிற்று. மேஸ்திரி கலைச்செல்வன் தூண் கம்பியைக் குறைக்கப் பார்த்தார். விடவில்லை.

ஆகஸ்ட் 10

மடுகரையிலிருந்து பையனின் அம்மாவும் பெரியம்மாவும் வந்தார்கள். அர்ச்சனாவுக்குக் கன்னத்தில் பவுடர் கொஞ்சம் கூடுதல். ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டதற்கு அண்ணி, “ஏசி வைக்கப் போறாங்க” என்றார்.

அந்த நேரம் பார்த்து பாய் போன் செய்தார். “தங்கச்சி, நீங்க எழுதுன கண்ணாடி வர இன்னும் மூணு வாரமாவும்ன்றான். அதவிட நல்லதா, புயலுக்குக் கெட்டியா ஒண்ணு நாலு நாள்ல கெடைக்கும். செடிக்கும் நல்லா வெளிச்சம் எறங்கும். போட்டுடட்டா?”

பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடிதான் வேண்டும், என் பெண்ணின் தோலுக்கு - இதை எப்படிச் சொல்வேன் அந்தக் கூடத்தில் நின்று? “பாத்துப் போடுங்க பாய்” என்று வைத்துவிட்டேன்.

என்ன வகை என்று நாளைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 24

முடிந்தது. இன்று பால் காய்ச்சினோம்.

அர்ச்சனா நிலைப்படியிலேயே நின்றாள். முழுக்கைச் சட்டை, துப்பட்டா, முகத்தில் வெள்ளையாகக் களிம்பு. எதிரே எங்கள் வயல், நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டியிருந்தது. வானம் முழுக்க அதில் கிடந்தது.

“வாடி உள்ள.”

“நெஜமாவா ம்மா?”

“நெஜமாத்தான். இங்க களிம்பு வேணாம். முழுக்கையும் வேணாம். மொகத்தக் கழுவிக்கினு வா.”

நான்தான் சொன்னேன். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருடம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் அவள் கையில் இருக்கும் பூனைமுடியைப் பார்த்தேன். சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 6

காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை அங்கேதான். பாடப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 21

நடு மதியத்தில்கூட அறையில் புழுக்கம் இல்லை. மேல் திறப்பில் கையை வைத்தால் சூடு வெளியே போவது தெரிகிறது. எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமை. எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

அக்டோபர் 9

மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்திருக்கிறது. அவள் “கொசு கடிச்சிருக்கும்” என்றாள்.

அக்டோபர் 17

கொசு இல்லை. முகம் வீங்கியிருக்கிறது, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. சிறுநீரில் புரதம் போகிறதாம். சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

“வெயில்ல போனியாம்மா?”

“இல்ல டாக்டர். வூட்லயே ரூம் கட்டியிருக்காங்க. அம்மாதான் வரைஞ்சாங்க.” எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்.

நானும் சொன்னேன்: கதிரைத் தடுக்கும் கண்ணாடி, லேமினேட்டட். டாக்டர் தலையாட்டினார். அப்படியென்றால் வேறு காரணம் இருக்கும், இந்த நோய் சில சமயம் தானாகவே எழும்பும் என்றார்.

நவம்பர் 29

இரண்டாவது முறை மருந்து ஏற்ற வந்து மூன்று நாள். வெளியே புயல். வார்டில் மூன்று முறை கரண்ட் போய் வந்தது. அர்ச்சனா கையில் ஊசியோடு தூங்குகிறாள். தலையணையெல்லாம் முடி.

இவர் போன் செய்தார். வயலில் வரப்பை வெட்டித் தண்ணீர் வடியவிடப் போனவர் ஒரு ஷட்டரை இழுக்க மறந்துவிட்டாராம். தென்னை மட்டை வந்து அடித்திருக்கிறது.

“வூட்டுக்கு ஒண்ணும் இல்ல லட்சுமி. ஒரே ஒரு கண்ணாடிதான். கல்கண்டு மாதிரி பொடிப்பொடியா ஒதுந்து கெடக்குது. நல்லவேள, கையக்கூட கிழிக்கல.”

“எல்லாமே ஒதுந்துடுச்சா? சட்டத்துல ஒண்ணுமே நிக்கலியா?”

“ஒண்ணும் இல்லடி. தொடச்சி உட்ட மாதிரி இருக்குது. ஏன்?”

லேமினேட்டட் உதிராது.

இவர் “ஹலோ, ஹலோ” என்றுகொண்டிருந்தார்.

காலை ஏழிலிருந்து விளக்கு வைக்கும் வரை. நாற்பத்தைந்து நாள். களிம்பு வேணாம், மொகத்தக் கழுவிக்கினு வான்னு யாரு சொன்னது? நாந்தான. நாந்தான சொன்னேன். அய்யோ, எம் பொண்ண நானே கொண்டுபோய் உக்கார வெச்சேனே.

டிசம்பர் 3

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டில் ஆகஸ்ட் 10-ஐத் திருப்பிப் பார்த்தேன். “நாளைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும்.” அதற்கு அடுத்த பக்கத்தில் பால் காய்ச்சினோம்.

ஏன் கேட்கவில்லை? கேட்டால் ஏன் என்று கேட்பார் என்பதாலா? மறந்தே போனேனா? இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை. நேரில் பார்த்தும் தெரியவில்லை. நடுவே தாள் இருக்கிறதா என்று ஓரத்தில்தான் தெரியும், அது முழுக்க அலுமினியத்துக்குள் இருந்தது.

டிசம்பர் 7

பாய் கடைக்குப் போனேன். இந்த முறை கடையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். லூபஸ் என்ற வார்த்தையை எங்கள் குடும்பத்தைத் தாண்டி நான் சொன்னது இதுதான் முதல் தடவை, டாக்டர்களைத் தவிர.

கையில் இருந்த அளவு டேப்பைக் கீழே வைத்தார்.

“செடிக்குன்னுதானே தங்கச்சி சொன்னீங்க?”

“ஆமாம் பாய்.”

“டஃபன் கண்ணாடி போட்டேன், நடுவுல தாள் இல்லாத ஒத்தக் கண்ணாடி. புயலுக்கு அது கெட்டின்னு. செடிக்கு நல்லா வெயில் எறங்கட்டும்னு நல்ல தெளிவானதா பாத்துப் போட்டேன்.” பிறகு, “எம் மச்சினிக்கி ஒம்பது வருஷமா டயாலிசிஸ். நான் எவங்கிட்டயாவது சொல்லிக்கினு திரியறனா? ஒரு வார்த்த, தனியா கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

அவரைத் திட்டத் தயாரித்துக்கொண்டு போன வரிகளோடு அப்படியே திரும்பி வந்தேன்.

டிசம்பர் 8

டாக்டரிடமும் சொன்னேன். “அதுமட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா” என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 19

மடுகரை சம்பந்தம் நின்றுபோனது. எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது. பாய் சொல்லியிருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்திருப்பார்கள்.

அண்ணி போனில் கத்தினார். “நாலு மாசம் வாய மூடிக்கினு இருக்க முடியலியா உன்னால?”

“மூடிக்கினு இருந்ததாலதான் அண்ணி எம் பொண்ணுக்கு கிட்னி போவுது.” வைத்துவிட்டேன். இருபத்து மூன்று வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. ஜூன் 8 அன்று பேசியிருக்க வேண்டியது.

டிசம்பர் 20

அர்ச்சனாவிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடி, போன், பையனின் பெரியம்மா, எல்லாம். கேட்டுக்கொண்டே போர்வை நூலைப் பிரித்தாள்.

“அப்ப அந்த ரூம்ல இருந்தது வெயில்தானா ம்மா?”



ஜனவரி 11

பாய் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியோடு வந்தார். கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி லேமினேட்டட் மாட்டினார். ஒவ்வொரு துண்டையும் மாட்டும் முன் ஓரத்தை என்னிடம் காட்டினார். நடுவில் தாளின் கோடு தெரிந்தது. சாப்பிடச் சொன்னேன். தண்ணீர் மட்டும் குடித்தார்.

ஜனவரி 18

“இப்ப சரியான கண்ணாடிடா. நான் என் கண்ணால பாத்தேன்.”

“தெரியும்மா.”

“களிம்பு போட்டுக்க, முழுக்கை போட்டுக்க. ஒரு பத்து நிமிஷம்.”

“உம்மேல எனக்குக் கோவம் இல்ல ம்மா. அங்க போவச் சொல்லாத, அவ்ளோதான்.”

கறுப்புத் திரைக்கு மேலே இன்னொரு போர்வையை ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். அவளே ஸ்டூலில் ஏறி அடித்திருக்க வேண்டும். சுத்தியல் ஜன்னல் கட்டையில் இருந்தது.

பிப்ரவரி 6

சம்பா அறுப்பு முடிந்தது. கொள்முதல் இன்னும் தொடங்கவில்லை, வானமோ காலையிலிருந்து மூடிக்கொண்டு நிற்கிறது. பாதி மூட்டை கூடத்தில். மீதி வாசலில், தார்ப்பாய்க்கு அடியில்.

இவர் என்னைக் கேட்கவில்லை. அர்ச்சனா அறை வாசலில் போய் நின்று, “இன்னாடா கண்ணு பண்றது?” என்றார்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “அந்த ரூம்ல அடுக்குங்கப்பா. ஈரம் ஏறாது, தண்ணி வராது. அம்மா நல்லாத்தான் கட்டியிருக்குது.”

நாற்காலியை நானே எடுத்து வெளியே வைத்தேன். ஆட்கள் வடக்குப் பக்கத்திலிருந்து அடுக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது வரிசையில் வயல் மறைந்தது. ஆறாவது வரிசை வந்தபோது மூட்டையைத் தூக்கி வந்தவர் தடுமாறினார். “இன்னாக்கா, கண்ணே தெரியல?”

பகல் பதினொரு மணி. லைட்டைப் போட்டேன்.