தளியிலிருந்து வந்த ‘இல்லி’

என் தளிக்கு,

உன் மகளைப் பார்க்க நேற்று தளி பஸ் ஏறினேன். மடியில் கொத்தமல்லிக் கட்டோடு ஒரு பெண், பக்கத்து இடத்தைத் தட்டி, “இல்லி கூத்கொள்ளி” என்றாள். அந்தச் சொல் காதிலும் பச்சை வாசனை மூக்கிலும் ஏறியதுதான் தாமதம், நீ வந்துவிட்டாய். நம் நூலகக் குழுக் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் உன் பையில் ஃபைலுக்கு மேலே கொத்தமல்லிதானே இருக்கும்! எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பாவம், அவள் பயந்துபோய் ஜன்னலோரத்தையும் எனக்கே விட்டுக்கொடுத்தாள்.

உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. தொண்ணூறுகளில் ஓசூர், தளி, மத்தூர், ஊத்தங்கரை நூலகங்களைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரே கம்ப்யூட்டர் இணைப்பில் சேர்த்தார்கள். திரையில் நமக்கு ஊர்தான் பெயர். நூலகர்களான நாமும் அப்படியே பழகிவிட்டோம். புத்தகம் தேடக் கொடுத்த இணைப்பில், “ஏ ஓசூரு, சாப்டியா?” என்று கேட்டவள் நீ. இணைப்பு அரசாங்கத்துடையது என்றாலும், அதற்கு விதி போடுவது நாம் நால்வரும் ஒரு மாவட்ட அதிகாரியும் இருந்த குழு. ஊருக்கு ஒரு கை. என் நூலகம் பெரிது என்பதற்காக எனக்கு இரண்டு கை கிடையாது. அதைச் சண்டை போட்டு வாங்கியவளும் நீதான். “நாங்களும் ஒரு கை தூக்கணும். இல்லேன்னா இது உங்க மிஷினு, எங்களுக்கெதுக்கு?” என்றாய்.

ஒரு வாசகர் கேட்ட புத்தகம் நம்மிடம் இல்லையென்றால், “எங்கே?” என்று மற்ற மூன்று ஊர்களையும் கேட்போம். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பதுதான் வழக்கம். இருக்கிற ஊர் பதில் போட்டால், அனுப்பச் சொல்வோம், பஸ்ஸில் வந்துசேரும். உன்னிடமிருந்து மட்டும் எப்போதும் ‘இல்லி’ என்றே வந்தது. ‘இல்லெ’யைத்தான் அவசரத்தில் அப்படி அடிக்கிறாய் என்று நாங்கள் மூவரும் நினைத்துக்கொண்டோம்.

அதிகாரி ஒரு கூட்டத்துக்குத் தீர்மானத்தோடு வந்துவிட்டார். தளிக்கு இணைப்பு வீண், பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். உன் முகம் சுண்டிப்போயிற்று. முட்டைக்கோசுத் தோட்டத்து வேலை முடித்து, கை கழுவிய ஈரத்தோடு உன் நூலகத்துக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இணைப்பு போனால் அவர்களுக்கு வெளியூர்ப் புத்தகம் கனவுதான்.

“வாரா வாரம் பதில் போட்டேனே சார்!” என்றாய்.

“போட்டீங்கம்மா. எல்லாத்துக்கும் இல்லேன்னு போட்டீங்க.”

“நான் எப்ப இல்லேன்னேன்? இல்லின்னு போட்டேன்!”

“அதத்தாம்மா நானும் சொல்றேன்.”

“அய்யோ, இல்லி சார், இல்லி!” என்று மேசையைத் தட்டினாய். “புத்தகத்த எடுத்து வச்சிக்கிட்டு வாரக்கணக்கா காத்துக் கெடக்கறேன். அனுப்புன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா? தளிக்காரின்னா அவ்ளோ எளப்பமா?”

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பால்காரரிடமும் பூக்காரியிடமும் தினமும் கன்னடம் பேசுகிறவள்தான் நானும். காதில் விழுந்திருந்தால் உடனே புரிந்திருக்கும். ஆங்கில எழுத்தில் பார்த்ததும் தமிழாகவே படித்துவிட்டேன். எங்கே என்று கேட்டால், உன் வீட்டுக் கன்னடத்தில் நீ சொன்ன பதில் அது. இல்லி என்றால் இங்கே. இல்லாத புத்தகத்துக்கு நீ பதிலே போடுவதில்லை!

நான் விளக்கிச் சொன்னதும் மத்தூர்க்காரருக்கு டீ புரையேறியது. அதிகாரியும் விழுந்து விழுந்து சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. இனி எல்லோரும் எஸ், நோ என்று அடித்தால் போதும் என்று விதி போடலாமே என்றார் அவர்.

“அது பத்தாது சார். மிஷினு இல்லேன்னு காட்டுனா, ஒரு போனப் போட்டு வாயால கேளுங்க. அப்பறம் இல்லேன்னு எழுதுங்க” என்றாய்.

நான்கு கைகளும் எழுந்தன. தளியில் கம்பி தங்கியது, உன் விதியும் நிலைத்தது. கிளம்பும்போது கொத்தமல்லியை என் கையில் திணித்து, “இன்னொருவாட்டி என்னை இல்லேன்னு எழுதுன, பாத்துக்க!” என்று மிரட்டினாய். அன்றைக்குத்தான் உன்னை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

அந்த இணைப்பும் போய், நாம் ஓய்வு பெற்ற பிறகும் உனக்கு நான் ஓசூருதான். போன மாதம் மத்தூர்க்காரரிடமிருந்து செல்போனில் செய்தி வந்தது: “தளி இல்லை.” நான் நம்பவில்லை. நம் விதி ஒன்று இருக்கிறதே! உன் எண்ணுக்கே போன் போட்டேன். உன் மகள் எடுத்தாள். “அம்மா இல்ல ஆன்ட்டி” என்று சொல்லி அழுதாள். வாயாலும் கேட்டாயிற்று. விதிப்படி இனி இல்லை என்று எழுதிவிடலாம்.

எனக்கு எழுத வரவில்லை தளி. பஸ்ஸில் வந்த பெண் இறங்கும்போது ஒரு பிடி கொத்தமல்லியைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் மகள் அதை ரசத்தில் கிள்ளிப் போட்டாள். உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். நீ எங்கே என்று யாராவது என்னைக் கேட்டால், நெஞ்சில் கை வைத்து, நீ அடித்த அதே பதிலைத்தான் சொல்லப்போகிறேன்.

இல்லி.

உன்
ஓசூரு