மேட்டில் இறங்கி நடந்தவளுக்கு

இன்று காலை மெக்கானிக் நம் ஸ்கூட்டரில் சார்ஜர் செருகும் இடத்தின் ரப்பர் மூடியைத் திறந்து, எதையோ ஊசியால் சுரண்டி என் உள்ளங்கையில் போட்டார். “என்னக்கா இது, அந்தச் சந்தனம் இன்னும் இருக்கா?” என்றார். முகர்ந்தேன். வாசனை இன்னும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. நீ அப்பியதுதான், எனக்குத் தெரியாதா?

யாரோ ஓட்டி ஓய்ந்த அந்த மின்சார வண்டியை நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய வருடத்து ஆயுதபூஜை. நாம் வேலை பார்த்த தையல் கடையில் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வண்டிக்கு வந்தாய். முன்னால் வைத்தது போதாதென்று, சார்ஜ் ஏறும் துளையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினாய். “சோறு திங்கிற வாய்டி இது, இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கிறது?” என்றாய். மறுநாள் சார்ஜ் ஏறவில்லை. தா.பழூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மெக்கானிக் தலையிலடித்துக்கொண்டார். நீ வழியெல்லாம் சிரித்தாய்.

வாங்கும்போதே அந்த பேட்டரிக்குப் பாதி உயிர்தான். சாயங்காலம் திரும்பும்போது இருவரையும் சுமந்து மேடு ஏறாது. நீ இறங்கிவிடுவாய். நான் இறங்குகிறேன் என்றால் கேட்கமாட்டாய். “எனக்கு ஓட்டவா தெரியும்? நீ போயி மேல நில்லு, வந்துடுறேன்” என்பாய். நானும் மகாராணி மாதிரி மேலே போய் நிற்பேன்.

கடைசி மாதங்களில் நீ ஏறி வர நேரமானது. “என்னடி, எருமையாட்டம் மூச்சு வாங்குற?” என்று கேலி செய்தேன். “வயசாவுதுல்ல” என்று சிரித்தாய். பேட்டரியை மாற்றச் சொல்லி மெக்கானிக் சொன்னபோது, பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டதும் நான்தான். வயசு இல்லை, இதயம் என்று அரியலூரில் டாக்டர் சொன்னார். பொங்கலுக்கு நீ இல்லை. அந்தக் கேலியை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புது பேட்டரி போடச் சொல்லத்தான் இன்று போனேன். இப்போது போட்டு என்ன, என்னவோ மனசு கேட்கவில்லை. அவர் சோதித்துவிட்டு, “எதுக்குக்கா வீண் செலவு? இனிமே ஒரு ஆளுதானே, இதுவே தாராளமாப் போதும்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் மேட்டடியில் வண்டியை நிறுத்தினேன். என் ஒருத்தியைச் சுமந்து அது ஏறியிருக்கும். ஆனாலும் இறங்கி, தள்ளிக்கொண்டே நடந்தேன். பாதியிலேயே காலும் நெஞ்சும் கெஞ்சின. ஒரு நாள்கூட நான் இதை நடந்து பார்த்ததில்லையே, பாவி. சந்தனத் துணுக்கை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மேலே, வழக்கமாக உனக்காக நிற்கும் இடத்தில் நின்றேன். எனக்கும் மூச்சு வாங்கியது, எருமையாட்டம்தான்.

என்னடி என்று ஒரு வார்த்தை கேளேன்.