பொட்டலத்தில் போன பேர்கள்

என் அன்புத் தம்பி சிவஞானம்,

நீ இருக்கும் இடத்தில் மழை உண்டோ என்னவோ, இங்கே அதே இரத்தினபுரி மழைதான். நீ போன பிறகும் அது ஒரு நாள் லீவு போடவில்லை. கடையில் உப்பு கசிகிறது, கருவாட்டில் பூஞ்சணம் பிடிக்கிறது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எழுதுகிறேன். நீ ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, நான் தோட்டத்தின் அடியில் கடை வைத்திருக்கும் சோனக முஸ்லிம். நம் இரண்டு பேருக்கும் எழுத்து என்றால் கணக்கு எழுத்துதான், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள் என்று எழுத வந்தேன். தப்பு எழுத்தில் மட்டும் இருந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

ரப்பர் விலை விழுந்துவிட்டது தம்பி. விழுந்தது என்றால் எழும்பாத விழுகை. பழைய கம்பெனி தோட்டத்தைக் கைமாற்றிவிட்டது. போகும்போது ஆபிஸைக் காலி செய்தார்கள். இங்கிலீஷ் புத்தகங்களை எல்லாம் பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, கொழும்புக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து சீமைக்குப் போகுமாம். எத்தனை இறாத்தல் ரப்பர் பால் இறங்கியது, எந்த மலையில் எத்தனை மரம், எல்லாம் பத்திரமாகப் போயிற்று. நீ தமிழில் எழுதிய செக்ரோல் புத்தகங்கள் மட்டும் ஆபிஸ் வாசலில் சாரலில் கிடந்தன. ஆட்கள் வரிசையாக நிற்கும் காலைப் பிரட்டில் நீ நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, வேலைக்கு வந்தவர்களைக் குறித்து வைத்த புத்தகங்கள். எடைக்கு எடுக்கிறாயா என்று கேட்டார்கள். எடுத்தேன்.

உன் கை என்று தெரிந்தேதான் எடுத்தேன். 'ன' எழுதும்போது நீ இழுக்கும் அந்த நீண்ட வாலை எனக்குத் தெரியாதா? நெருப்பில் போவதை விட நம் கடைக்கு வரட்டுமே என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? நல்ல தடித்த தாள், மல்லி சிந்தாது. மறுநாள் காலையிலேயே கிழிக்கத் தொடங்கிவிட்டேன்.

இனி உன் அன்னத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடியதும் கணக்கப்பிள்ளை வீட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவள் தோட்டத்து ஆட்கள் இருக்கும் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனாள், கத்தியைப் பிடித்தாள், பால் வெட்டப் போனாள். உன்னைக் கட்டுவதற்கு முன்னால் அதே மலையில் வெட்டியவள்தானே, கை மறக்கவில்லை. ஒரு நாள் என்னிடம் மிளகாய் வாங்கினவள், பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தன் பேரை மட்டும் நீ எழுதப் பழக்கியிருந்தாய்.

"இது அவுக எழுத்துதானே நானா?" என்று கேட்டாள். நீ கூப்பிட்ட மாதிரியே அவளுக்கும் நான் நானாதான், அண்ணன்தான்.

"ஆமா புள்ள," என்றேன்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. மிளகாயை முந்தானையில் கொட்டிக்கொண்டு, தாளை நீவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வேலை முடிந்து அடிக்கடி வரத் தொடங்கினாள். "கொஞ்சம் மல்லி குடுங்க நானா. சின்னச் சின்னப் பொட்டலமா கட்டிக் குடுங்க," என்பாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு மல்லி? எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புருஷனின் எழுத்தைப் பார்க்க வருகிறாள், பாவம். இதை நான் வீட்டில் சொன்னபோது உன் மதினி ஆயிஷா என்னைப் பிடித்து ஏசினாள்.

"அந்த மனிசன்ட எழுத்தப் பாக்கத்தான் வாறாண்டு உங்களுக்கே விளங்குதே! புத்தகத்த அப்பிடியே தூக்கிக் குடுத்தா கையா தேஞ்சிரும்?"

தேய்ந்திருக்காதுதான். ஆனாலும் கொடுக்கவில்லை. அவள் கேட்கவில்லையே என்று இருந்துவிட்டேன். மல்லியும் விற்றது. இதை உனக்கு எழுதும்போது என் முகம் எப்படி இருக்கிறது தெரியுமா?

இதற்குள் புதுத் துரை ஒரு சட்டம் போட்டுவிட்டார். வேலை குறைவு, ஆட்கள் அதிகம். பழைய ஆட்கள் மட்டும் தங்கலாம், புதிதாகப் பேர் பதிந்தவர்கள் எல்லாம் இந்தியாவுக்குப் போக வேண்டும். யார் பழையவர்? புத்தகத்தில் இருப்பவர். எந்தப் புத்தகம்? இங்கிலீஷ் புத்தகம் கொழும்புக்குப் போயாயிற்று, கேட்டு எழுதினாலும் பதில் இல்லை. குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டி ஸ்டேஷனுக்கு இறங்கத் தொடங்கினார்கள். என் கடை வாசலால்தானே இறங்க வேண்டும், எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை தம்பி! கடைக்காரன் மூளை. ஒரு நாள் அன்னம் வந்து மல்லி கேட்டபோது, ஆயிஷாவின் ஏச்சு தாங்காமல், "இந்தா புள்ள, அவன்ட ஞாபகத்துக்கு ஒரு புத்தகத்த முழுசா எடுத்துக்க. இனி மல்லி வாங்காத," என்று பெரிய மனுஷனாக நீட்டினேன்.

அவள் அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஞாபகத்துக்கு இல்ல நானா. எம்பேரத் தேடுறேன்."

"உன்ட பேரா?"

"கல்யாணத்துக்கு முந்தி நான் இங்க வேல செஞ்சது அதுலதான் இருக்கு. இப்ப என்னைப் புது ஆளுன்னு சொல்றாங்க. அந்தத் தாளு இல்லாட்டி என்னையும் கப்பல் ஏத்திடுவாங்க. அங்க எனக்கு யாரு இருக்கா? அவுகள இங்கதானே பொதைச்சிருக்கு."

"அடி பைத்தியக்காரி, மொதல்லயே வாயத் தொறந்து கேக்கிறதுக்கு என்ன?"

அவள் என் கையிலிருந்த கிழிந்த தாளைப் பார்த்தாள். "கேட்டா, கிழிச்சுட்டோமேன்னு நீங்க வெக்கப்படுவீங்க. நீங்களும் அவுகளும் எப்படிப் பழகுனீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

யா அல்லாஹ்! என் வெட்கத்தைக் காப்பாற்றுவதற்காக அவள் காசு கொடுத்து மல்லி வாங்கியிருக்கிறாள். நான் அதை விற்றிருக்கிறேன். நீ உயிரோடு இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாய். அடி வாங்கியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடையைச் சாத்திவிட்டு மிச்சப் புத்தகங்களை எல்லாம் புரட்டினோம். அவள் குமரியாக வேலை செய்த வருஷத்துப் புத்தகம் இல்லை. பழையதுதானே என்று அதிலிருந்துதான் நான் கிழிக்கத் தொடங்கியிருந்தேன். பிறகு அவளோடு லயத்துக்கு ஏறினேன். விற்ற சாமானுக்குச் சுற்றிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாகப் போன கடைக்காரன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

"என்னா மொதலாளி, மொளகாயத் தின்னுட்டோம். தாள மட்டும் கேட்டா எப்படி?" என்று பெண்கள் சிரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அடுப்பு பற்றவைத்தோம் என்றார்கள் பலர். சிலர் பெட்டிக்கு அடியில் விரித்திருந்ததைக் கொண்டுவந்து தந்தார்கள். கடைசிக் காம்பராவில் இருக்கும் மூக்காயி, சுவர் ஓதம் பிள்ளைக்கு ஆகாது என்று, என் தாள்களைக் கஞ்சி தடவிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூலையிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அன்னம் எனக்கு முன்னால் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துவிட்டாள்.

"இந்தா இருக்கேன்!" என்றாள்.

இருந்தாள். அன்னம், சின்னான் மகள். உன் நீண்ட வாலோடு. சுடுதண்ணீர் தொட்டுத் தொட்டு அந்தத் தாளை உரித்தோம், மூக்காயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விளக்குப் பிடித்தாள். மறுநாள் ஆபிஸில் பெரிய கிளாக்கர் கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் துரைக்கு வாசித்துச் சொன்னார். இதை யார் கிழித்தது என்று துரை கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அன்னத்தின் பேரைப் பழைய ஆட்களோடு எழுதச் சொன்னார்.

ஆக, உன் அன்னம் இங்கேதான் இருக்கிறாள். நீ அந்தக் கவலையை விடு.

இதோடு முடித்திருந்தால் நல்ல கடிதம்தான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவனுக்கு வீரனின் ஞாபகம் வந்தது. உனக்குத் தெரியுமே, மேல் மலை வீரன். அவனும் அவன் தாயும் உன் பிரட்டில் எத்தனை காலம் பேர் சொன்னவர்கள்! பழைய ஆள்தான் என்று அவன் ஆபிஸ் வாசலில் நின்று கத்தியிருக்கிறான். தாள் இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் எங்கே போவான் தாளுக்கு? போன மாதம் மூட்டையோடு இறங்கும்போது என் கடையில் நின்றான். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. வழியில் தின்னட்டும் என்று பொரிகடலை அள்ளினேன், காசு வேண்டாம் என்றேன், பெரிய தாளாக ஒன்றைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தேன். சின்னவள் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்தத் தாளில் யார் பேர் இருந்தது தம்பி? நான் பார்க்கவில்லை. கிழிக்கும்போது யாராவது வாசிப்பார்களா? கடலை தீர்ந்ததும் கப்பலிலிருந்து கடலில் போட்டிருப்பார்கள்.

இப்போது மிச்சப் புத்தகங்களை மெழுகுத் துணியில் கட்டி, சீனிக்கு மேலே உள்ள தட்டில் வைத்திருக்கிறேன். சாமானுக்கு வாழையிலைதான். ஈரம் பட்டால் கிழிகிறது, சனங்கள் ஏசுகிறார்கள், ஏசட்டும். வேலை விட்டு வருகிறவர்களுக்கு நான் உன் புத்தகத்தை வாசிக்கிறேன். ஒரு பேர் கூப்பிட்டால், வாசலில் நிற்கிறவர்களில் யாராவது "இருக்கேங்க" என்கிறார்கள். சில பேருக்கு யாரும் பேசுவதில்லை. அன்னம் பக்கத்தில் இருந்து தாளைப் புரட்டுகிறாள்.

கடைசி ஏடு வரைக்கும் வாசிப்பேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. வீரனின் பேர் வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு துரையிடம் போய், அவனைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லி அந்த வாசலிலேயே உட்காருவேன். வராவிட்டாலும் போவேன். அவன் பேர் இருந்தது, அதில் கடலை சுற்றியவன் நான் என்று சொல்வேன்.

பொட்டலம் கட்டிய கையால் எழுதும்,
உன் நானா,
காசிம்